சுண்ணாம்பு அடித்த நாற்பது மரங்கள்

“யார் கண்ணுக்கும் தெரியாதாம், போட்டோவிலும் விழாதாம், இவளுக்கு மட்டும் தரிசனம் கொடுக்குமாம். ஏம்மா சுகுணா, நீ பார்த்தது பூச்சியா, சாமியா?”

எங்கள் மேடம் இதைத் தெலுங்கில் கேட்டார். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு தரிசனத்தை வைத்துக் கிண்டல் செய்தால் சிரிப்பு இரண்டு பங்காக வரும். ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

மேஜைமேல் நான் கொண்டுபோன ஒன்பது போட்டோக்கள் கிடந்தன. ஒன்பதிலும் மாமரத்துப் பட்டை. ஒன்பதிலும் பட்டைமேல் ஒரு கும்பிடுபூச்சி. எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பட்டை நல்லா வந்திருக்கு” என்றார்.

அதற்கு முந்தின மாதம் ஒன்றைப் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட மாத்திரை டப்பாவில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோர வெயிலில் அது செத்துச் சுருண்டுவிட்டது. இரண்டு கால் வேறு உதிர்ந்துபோயிற்று. “வெட்டுக்கிளிக் குஞ்சு” என்று மேடம் டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டார்.

விலங்கியல் முதுகலையில் அது எனக்குக் கடைசி வருஷம். ஆளுக்கொரு ஆய்வு செய்து கட்டுரை கொடுக்க வேண்டும். தலைப்புத் தாளில் மேடம் கையெழுத்துப் போட்டால்தான் மேலே நகரலாம். மேடம் கெட்டவர் இல்லை. தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதவர், அவ்வளவுதான்.

“இந்தச் சனிக்கிழமை நானே உங்கள் தோப்புக்கு வருகிறேன். ஐந்து காட்டு, போதும். காட்ட முடியாவிட்டால் கொசு” என்றார்.

கொசு என்றால், விடுதித் தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுவை எண்ணுவது. சொந்தத் தலைப்பு இல்லாமல் போனவர்களுக்கு வருஷா வருஷம் அதுதான் கிடைக்கும். ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு தட்டு நிறைய, ஒரே பச்சை அட்டை போட்ட கொசுக் கட்டுரைகள் நிற்கின்றன. கொசுவின்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் அந்தத் தட்டில் இன்னொரு பச்சை அட்டையாகப் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. என் பூச்சி எனக்கு வேண்டும்.

காணாமல் போன எறும்பு

நாங்கள் நகரிக்குப் பக்கத்தில் விஜயபுரத்து ஆட்கள். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற ஊர். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது என் நைனா பங்காருபாளையத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல் வேலைக்கு வந்தார். தோப்புக்குள்ளேயே ஒரு ஷீட் வீடு. சுற்றிலும் தோதாபுரி மாமரங்கள்.

நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. நான் ஊரில் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்ததும் தெலுங்குப் பள்ளிக்கூடம். பாடம், பலகை, திட்டு எல்லாம் ஒரே நாளில் தெலுங்காகிவிட்டது. எண்கள் மட்டும் பழைய முகத்தோடு இருந்தன. அதனாலோ என்னவோ எதைக் கண்டாலும் எண்ண ஆரம்பித்தேன். லாரியில் ஏறும் கூடைகளை எண்ணுவேன். நைனா தும்முவதை எண்ணுவேன்.

ஒரு நாள் மரத்தில் ஏறும் எறும்புகளை எண்ணினேன். என் முட்டி உயரத்தில் பட்டையில் ஒரு வெடிப்பு, தலை உயரத்தில் ஒரு முடிச்சு. வெடிப்பைத் தாண்டியவை பதினெட்டு. முடிச்சுக்கு வந்து சேர்ந்தவை பதினேழு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஒன்று குறைந்தது. மூன்றாவது தடவை நடுவில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

பட்டை கையை நீட்டி ஓர் எறும்பை எடுத்துக்கொண்டது.

அம்மா நிழலில் உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“மா! மரம் எறும்பு துன்னுது மா!”

“துன்னட்டும். நீயும் வந்து ரெண்டு வாய் சோறு துன்னு.”

ஆனாலும் எழுந்து வந்தாள். நான் காட்டிய இடத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். இன்னோர் எறும்பு வந்தது. பட்டை இன்னொரு முறை கையை நீட்டியது.

“ஐய! திருடி!” என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ‘எறும்புத் திருடி’ என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணில் பட்டால்தானே பெயர் வைப்பார்கள்?

இடப்பக்கம் நைனா, வலப்பக்கம் நான்

எல்லோருக்கும் தெரிந்த கும்பிடுபூச்சி பச்சையாக, நெட்டையாக, செடிமேல் நிமிர்ந்து நிற்கும். இது மரத்திலேயே குடியிருக்கிற ஜாதி. ஒரு விரல்கணு நீளம். சப்பாத்திக் கட்டையால் ஓர் உருட்டு உருட்டியதுபோல் தட்டை. பட்டையின் சாம்பல், பட்டையின் பழுப்பு, பட்டையின் பாசிப்புள்ளி எல்லாம் அதன் முதுகிலும் உண்டு. தலையைக் கீழே வைத்து அடிமரத்தோடு அப்பிக்கொண்டு கிடக்கும்.

நேராகப் பார்த்தால் தெரியாது. கன்னத்தை மரத்தில் ஒட்டவைத்து, ஓரமாகப் பார்வையை மேலே ஓடவிட வேண்டும். அப்போது சின்னதாக ஒரு மேடு தெரியும். தெரிந்த அடுத்த நொடி அது சரசரவென்று மரத்தின் அந்தப் பக்கம் போய்விடும். நாம் அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம்.

அதனால் தனி ஆளாக எண்ண முடியாது. நைனா இடப்பக்கமாக வருவார், நான் வலப்பக்கமாக வருவேன். இப்படி விடுமுறைக்கு விடுமுறை, முன்வரிசை மரங்கள் நாற்பதை எண்ணி நோட்டில் எழுதிவைத்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அப்பாவும் மகளும் ஒரு மரத்தை ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதாகத்தான் தெரியும். பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு நாள் வேலியோரம் நின்று கேட்டுவிட்டார்.

“இன்னாபா, மரத்துக்கு ஜுரமா?”

“இல்லண்ணா, பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிகினு கீறா” என்றார் நைனா.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்ற வாரம் விடுதிச் சாம்பாரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். நகரி ரயில் நிலையத்தில் இந்தப் பத்திரிகை ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அவங்க சாம்பார் தண்ணினு எழுதிட்ட, சரி. உங்கம்மா சாம்பார் எப்படினு ஒரு வரி எழுதறதுக்கு இன்னா நோவு?” என்றாள். எழுதிவிடுகிறேன். அம்மா சாம்பாரும் தண்ணிதான். ஆனால் மாங்காய் போட்டிருப்பாள்.

“நான் பாத்துக்கறேன்”

புதன்கிழமை விடுதி மாடியில் நின்று வீட்டுக்கு போன் செய்தேன்.

“நைனா, எங்க மேடம் சனிக்கெழம தோப்புக்கு வராங்க. மரத்த பாக்க.”

“காலேஜி மேடமா?”

“ஆமா நைனா.”

“கார்லயா வராங்க?”

“பஸ்லதான். என்கூட.”

பின்னால் அம்மா, “யாரு, யாரு வராங்களாம்?” என்று கேட்பது கேட்டது.

“நீ ஒண்ணியும் யோசிக்காத கண்ணு. நான் பாத்துக்கறேன்” என்றார் நைனா.

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மேடம் ஒரு குடை, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்தார். சித்தூரில் பஸ் மாறும்போது இட்லி வாங்கிக் கொடுத்தார். எனக்கோ ஐந்து, ஐந்து என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் நாலாவது மரத்தில் எப்போதும் இரண்டு இருக்கும். ஒன்பதாவதில் ஒன்று. பதினொன்றில் இரண்டு. அங்கேயே ஐந்து ஆகிவிடும்.

பங்காருபாளையத்தில் இறங்கி மண் பாதையில் நடந்தோம். வளைவு திரும்பியதும் தோப்பு தெரிந்தது.

முன்வரிசை நாற்பது மரங்களும் வெள்ளை வெளேரென்று நின்றன.

வேரிலிருந்து கை எட்டுகிற உயரம் வரை சுண்ணாம்பு. அதற்குமேல் ஒரு சாண் அகலத்துக்குக் காவிப் பூச்சு. முதல் மரத்துக்கு மஞ்சள் குங்குமம். அதன் அடியில் கோலம். கோலத்துக்குப் பக்கத்தில் சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நைனா.

“அம்மம்மா! கல்யாண வீடு மாதிரி வச்சிருக்கீங்களே!” என்று மேடம் கையைத் தட்டினார்.

எங்கள் பக்கத்தில் மாமரத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். துளைக்கிற வண்டு வராது, மரம் வெயிலில் வெடிக்காது என்பார்கள். அடிக்காத மரத்தைப் பார்த்தால் சவரம் செய்யாத மாப்பிள்ளையைப் பார்த்ததுபோல் நைனாவுக்குக் கூசும். ஆனால் அந்த வருஷத்துச் சுண்ணாம்புக்கு இன்னும் நாள் இருந்தது.

“இன்னா நைனா இது?” என்றேன் மெதுவாக.

“ரெண்டு நாளு வேல, நானும் உங்கம்மாவும். மொதல்ல தேங்கா நாரு போட்டு நல்லா தேச்சி, ஒரு பூச்சி கீச்சி இல்லாம சுத்தமா எடுத்துட்டு, அப்பறம்தான் சுண்ணாம்ப…”

அவர் வாய் அப்படியே நின்றது. ஆறு மாதம் என்னோடு மரத்தைச் சுற்றியவர் அவர். ஆனால் காலேஜிலிருந்து ஒருவர் எங்கள் இடத்துக்கு வருகிறார் என்றதும் மற்ற எல்லாம் மறந்து, மரியாதை ஒன்றுதான் நினைவில் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்னால் அப்படி யாரும் வந்ததில்லை.

“கெடுத்துட்டேனா கண்ணு?” என்றார்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு நாலாவது மரத்துக்கு நடந்தேன்.

ஒரு கன்னம் வெள்ளை

நாலாவது மரத்தில் ஒன்றுமில்லை. ஒன்பதில் ஒன்றுமில்லை. பதினொன்றில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது என் முகத்தில் பாதி சுண்ணாம்பு. நைனாவுக்கு மறு கன்னத்தில்.

பதினைந்து. பதினாறு. பதினேழு. சுவர் மாதிரி வெறும் வெள்ளை.

அம்மா மேடத்துக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தாள். விஷயம் புரிந்ததும் நைனாமேல் பாய்ந்தாள்.

“ஒரு பூச்சிய காபந்து பண்ண தெரில, இவுரு தோப்பு காவலாம்!”

“நாரு எடுத்தாந்து குடுத்தது யாருடி?”

“நீ கேட்ட, குடுத்தேன். நீ கேட்டா மரத்தையே வெட்ட கத்தி குடுப்பேனா?”

“குடுப்ப. நீ குடுப்ப.”

மேடத்துக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். சிரிப்பை மோரில் மறைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “சுகுணா, கொசுவும் மோசமான தலைப்பு இல்லை. நன்றாகச் செய்தால் நன்றாக வரும்” என்றார்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அன்பாகச் சொல்லிவிட்டார். தலையாட்டினேன். இன்னும் இருபத்துமூன்று மரம் இருந்தது. எண்ணி முடித்துவிட்டே ஒப்புக்கொள்வது என்று பதினெட்டாவது மரத்துக்குப் போனேன்.

வெயில் ஏறியது. மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் நடந்து, ஒரு மரத்தடியில் நின்றார்.

“அண்ணா, எல்லா மரத்துக்கும் இவ்வளவு சுத்தமா அடிச்சிட்டு, இங்க மட்டும் அழுக்கை விட்டுட்டீங்களே” என்று நைனாவிடம் சொல்லிக்கொண்டே குடையை மடக்கி, அதன் நுனியால் அந்த அழுக்கைத் தட்டப் போனார்.

அழுக்கு ஓடியது.

“ஏய்!” என்று கத்தியது மேடமா, நானா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

அது ஒரு சாண் தூரம் ஓடி நின்றது. தலையைக் கீழே வைத்து, கைகளை மடக்கி, வயிற்றைச் சுண்ணாம்போடு அழுத்திப் படுத்துக்கொண்டது. இனி யாரும் என்னைப் பார்க்க முடியாது என்கிற தைரியம். வெள்ளைச் சட்டைமேல் மை கொட்டியதுபோல் அது எங்கள் நாலு பேருக்கும் நடுவில் கிடந்தது.

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். நீண்ட நேரம் பார்த்தார். “கும்பிடுதே” என்றார், குழந்தை மாதிரி.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மரம் மரமாக ஓடினார். “இதிகோ! இதிகோ, இன்னொண்ணு!” நாங்கள் ஒன்றுமில்லை என்று விட்டுவந்த பதினொன்றாவது மரத்தில்கூட இப்போது ஒன்று இருந்தது.

நான் நினைப்பது இதுதான். தேங்காய் நாருக்குத் தப்பியவை கை எட்டாத மேல்கிளைக்குப் போயிருக்கும். வெயில் ஏறி, எறும்புகள் சுண்ணாம்பின்மேலும் வரிசை கட்ட ஆரம்பித்ததும், பசி தாங்காமல் கீழே இறங்கியிருக்கும். நிறம் மாறிவிட்டதை அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

“எனக்கு நாலு. உங்களுக்கு எத்தனை அண்ணா?” என்று மேடம் கேட்டார்.

“ரெண்டு மேடம்.”

“கண்ணாடி போடுங்க அண்ணா!”

“காலைல இருந்து நாங்க மரத்த மோந்து பாத்துகினு கீறோம், இந்தம்மா கொட புடிச்சிகினு வந்து நாலு புடிச்சிட்டாங்க” என்று நைனா அம்மாவிடம் புலம்பினார். அதற்குள் அவர் முகத்துக்கு உயிர் திரும்பியிருந்தது.

ஐந்தைத் தாண்டி எட்டு ஆயிற்று. ஒன்பதாவது முப்பத்தோராம் மரத்தில் இருந்தது. மேடம் போட்டோ எடுக்க போனை நீட்டினார். ஓணான் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒரே தாவல். சுண்ணாம்புமேல் ஒன்றும் இல்லை.

மேடத்தின் போனில் வெறும் சுண்ணாம்புதான் விழுந்திருந்தது.

“ஐயோ பாவம். நம்ப கண்ணுக்கு தெரிஞ்சா அது கண்ணுக்கும் தெரியுமில்ல?” என்றாள் அம்மா.

மேடம் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினார். பிறகு என் பக்கம். “எழுதிக்கோ. உங்கம்மா சொன்னதை அப்படியே எழுதிக்கோ” என்றார்.

நைனா ஓணான் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வருசா வருசம் நான்தான் அதுங்கள காட்டி குடுத்துகினு கீறேனா மேடம்?”

“தெரியாது அண்ணா. எனக்கும் தெரியாது. அதை உங்கள் பெண்தான் கண்டுபிடிக்கணும்.”

தலைப்புத் தாளை என் பையிலிருந்து அவரே உருவினார். எழுத மேஜை இல்லை. மரத்தின்மேல் தாளை வைத்து, நான் எழுதியிருந்த தலைப்புக்குள் ‘சுண்ணாம்பு அடித்த’ என்று இரண்டு சொல்லைச் செருகி, கீழே கையெழுத்துப் போட்டார். தாளின் முதுகெல்லாம் சுண்ணாம்பு. அலுவலகத்தில் அதை வாங்கிய எழுத்தர் விரலைத் துடைத்துக்கொண்டே, “எந்தக் கட்டடத்து பில் அம்மா இது?” என்று கேட்டார்.

மத்தியானம் மேடம் எங்கள் ஷீட் வீட்டில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். மாங்காய் சாம்பார். இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். இதையும் எழுதச் சொல்லி அம்மா உத்தரவு.

இந்த வாரம்

கட்டுரை முடித்தேன். பட்டமும் வாங்கினேன். ஆனால் ஓணானைப் பார்த்து அம்மா கேட்ட கேள்விக்கு அந்தக் கட்டுரையில் பதில் இல்லை. ஒரு பருவத்து எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு அடித்த மரத்துக்குப் பக்கத்தில், அதே வயதில், அடிக்காத மரமும் வேண்டும். அதனால் ஊருக்குத் திரும்பாமல் மேடத்திடமே ஆராய்ச்சி மாணவியாகப் பதிவு செய்துகொண்டேன்.

தோப்பு முதலாளியிடம் பேசப் போனபோது மேடத்தைக் கூப்பிடவில்லை. நானே போனேன். பாதி மரங்களுக்கு மூன்று வருஷம் சுண்ணாம்பு வேண்டாம் என்று கேட்டேன். மரத்துக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். நான் என்றேன். சரி என்றார்.

எந்த இருபது மரம் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். எழுத்துத் தெரியாதவர்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் நியாயம் என்று அம்மா தானே இருபது சீட்டும் எடுத்தாள். நைனா மற்ற இருபதுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார். தேங்காய் நாரை ஒளித்துவைத்துவிட்டேன்.

நேற்றுக் காலை, வெயில் ஏறி எறும்புகள் நடக்க ஆரம்பித்ததும், நானும் நைனாவும் புது நோட்டை எடுத்துக்கொண்டு போனோம். முதல் மரம் சுண்ணாம்பு இல்லாதது. பார்த்து முடிக்க அரைமணி ஆயிற்று. மூன்று இருந்தன. மூன்று என்று எழுதிவிட்டு இரண்டாவது மரத்துக்குப் போனோம்.